பைச் சட்டை தைத்த தூண்டில் மன்னர்

சிவகாசியில் பட்டாசுத் தொழிற்சாலைக்குள் போகிறவர் மடியில் என்ன கொண்டு போகிறார் என்பது சாதாரண விஷயம் அல்ல. தூக்குச் சட்டியில் சோறு போகலாம், தண்ணீர் போகலாம். தீப்பெட்டி போகக் கூடாது. பீடிக் கட்டு போகக் கூடாது. மறதியாக இடுப்பில் செருகி வந்த ஒரு தீக்குச்சி போதும், ஒரு கட்டடத்தையே தரைமட்டமாக்கிவிட.

இந்தக் கட்டுப்பாடு இன்று நேற்று வந்தது அல்ல. பிரிட்டனில் 1875-ஆம் ஆண்டு வெடிமருந்துச் சட்டம் இயற்றியபோதே, வெடிமருந்துக் கட்டடத்தில் வேலை செய்கிறவர்களுக்குப் பைகளே இல்லாத உடை வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டார்கள். பை இருந்தால் மனிதன் எதையாவது அதில் போடுவான். போட்டதை மறந்தும்விடுவான். மனித சுபாவத்தை நன்றாக அறிந்தவர்கள் எழுதிய சட்டம் அது.

அதற்கு 56 ஆண்டுகளுக்குப் பிறகு, அமெரிக்காவில் ஒரு வாலிபர் இதற்கு நேர்மாறான வேலை ஒன்றைச் செய்தார். கையில்லாத அரைச் சட்டை ஒன்றின் மேல் பை பையாக வைத்துத் தைத்தார். மார்பில் பை, விலாவில் பை, முதுகிலும் பை! அதை மாட்டிக்கொண்டு ஆற்றுக்குள் இறங்கினார். மீன் பிடிக்கத்தான்.

1931-ஆம் ஆண்டு அவர் தைத்த அந்தச் சட்டைதான், இன்று உலகமெங்கும் தூண்டில்காரர்கள் அணியும் பைச் சட்டைக்கு முன்னோடி என்று சொல்கிறார்கள். அவர் பெயர் லீ உல்ஃப். ஆற்றுக்குள் நிற்கும் மனிதன் எதைச் சுமக்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்பதை 86 வயது வரையில் யோசித்துக்கொண்டே இருந்தவர் அவர்.

இரண்டு கையும் போதாத விளையாட்டு

நம் ஊர்க் கண்மாய்க் கரையில் உட்கார்ந்து தூண்டில் போடுகிறவருக்குச் சுமை பற்றிய கவலை கிடையாது. ஒரு மூங்கில் கழி, நரம்பு, தக்கை, முள், மண்புழு போட்ட ஒரு கொட்டாங்கச்சி. இவ்வளவுதான் அவருடைய சாமான். எல்லாம் பக்கத்தில் தரையில் இருக்கும். வேண்டியதைக் குனிந்து எடுத்துக்கொள்வார்.

மேல்நாட்டார் ஆடும் ஈத் தூண்டில் ஆட்டம் வேறு மாதிரியானது. அதில் புழுவும் இல்லை, மாவும் இல்லை. பறவை இறகையும் மிருக ரோமத்தையும் ஒரு சிறு முள்ளில் நூலால் கட்டி, பார்வைக்கு ஓர் ஈயைப் போலவோ பூச்சியைப் போலவோ செய்கிறார்கள். அந்தப் பொய் ஈயைத் தண்ணீரின் மேல் மெல்ல விழச் செய்ய வேண்டும். மீன் அதை உண்மைப் பூச்சி என்று எண்ணிக் கவ்வ வேண்டும்.

ஈக்கு எடையே கிடையாது. அதைக் கல்லைப் போல விட்டெறிய முடியாது. ஆகையால் எடையை நூலிலே வைத்திருக்கிறார்கள். தடித்த நூலைக் கழியால் பின்னுக்கும் முன்னுக்கும் வீச, நூல் காற்றில் நீண்டு போய், தன் நுனியில் ஈயைச் சுமந்து சென்று இறக்கிவிடும். வலது கையில் கழி. இடது கையில் நூல். இரண்டு கையும் வேலையில் இருக்கும். கால்களோ, இடுப்பளவு ஓடும் தண்ணீரில் வழுக்குப் பாறைமேல் நிற்கும்.

இந்த நிலையில் சாமான்களை எங்கே வைப்பது? ஈக்கள் அடங்கிய பெட்டிகள் வேண்டும். காலையில் ஒரு பூச்சி பறக்கும், மாலையில் வேறொன்று பறக்கும். அதற்குத் தக்கபடி ஈயை மாற்ற வேண்டும். மெல்லிய நரம்புச் சுருள்கள் வேண்டும். கத்தரி வேண்டும். ஈ மூழ்காமலிருக்கப் பூசும் கொழுப்பு வேண்டும். மீனை ஏந்தச் சிறு வலை வேண்டும். மழைச் சட்டையும் மதிய உணவும் வேண்டும். தரையில் வைக்கலாம் என்றால், கரையோ 50 அடி தூரத்தில் இருக்கிறது!

அந்தக் காலத்துத் தூண்டில்காரர்கள் இதற்கெல்லாம் ஒரு பிரம்புக் கூடையை நம்பியிருந்தார்கள். மூடி போட்ட அந்தக் கூடையைத் தோல் வாரில் கோத்துத் தோளிலிருந்து தொங்கவிடுவார்கள். பிடித்த மீனும் அதற்குள்தான். மீதிச் சாமான்கள் கோட்டுப் பையிலும், தோல் பர்சிலும், தொப்பியிலுமாகச் சிதறிக் கிடக்கும். வீசும்போது வார் தோளிலிருந்து நழுவும். ஆழத்தில் இறங்கினால் கூடை நனையும். குனிந்தால் ஈப்பெட்டி தண்ணீரில் விழுந்து மிதந்து போய்விடும். பெட்டி போனால் அன்றைய பொழுதும் போயிற்று.

பனையேறி கண்ட வழி

இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது சாமானை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு நம் நாட்டு உழைப்பாளிகள் எப்போதோ பதில் கண்டுவிட்டார்கள். சாத்தூர், விளாத்திகுளம் பக்கத்துப் பனங்காட்டில் பனையேறியைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். மரத்தைக் கட்டிப் பிடித்து ஏறுகிறவருக்குக் கையில் எதையும் வைத்துக்கொள்ள முடியாது. பாளை அரிவாளை அதற்கென்று செய்த பெட்டியில் போட்டு இடுப்பிலே கட்டியிருப்பார். உச்சியில் உட்கார்ந்து, பார்க்காமலே கையை விட்டால் அரிவாள் கையில் வரும்.

கண்மாயில் இறங்கி மீன் பிடிக்கிறவரும் அப்படித்தான். பறியை இடுப்பில் கட்டிக்கொள்கிறார். வலையை இரண்டு கையாலும் இழுக்கிறார். அகப்பட்ட மீன் பறிக்குள் போகிறது. சுமை உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும், கைக்கு எட்ட வேண்டும், கையைத் தடுக்கக் கூடாது. இந்த மூன்று விதிகளையும் எந்தக் கலாசாலையும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.

லீ உல்ஃப் பனையேறியையும் கண்டதில்லை, பறியையும் கண்டதில்லை. ஆனால் அவர் தைத்த சட்டை இதே மூன்று விதிகளுக்குள் அடங்கியிருந்தது.

அலாஸ்காவில் பிறந்த பிள்ளை

அமெரிக்காவின் வடமேற்குக் கோடியில், பனி சூழ்ந்த அலாஸ்காவில் வால்டெஸ் என்ற துறைமுகம் இருக்கிறது. 1898-இல் தங்கம் தேடி ஓடியவர்கள் கப்பலிலிருந்து இறங்கிய ஊர்களில் அதுவும் ஒன்று. அந்த ஊரில் 1905-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ந் தேதி பிறந்தார் லீ உல்ஃப். வீட்டைச் சுற்றி ஓடைகள். ஓடை நிறைய மீன்கள். நடை பழகிய சில ஆண்டுகளிலேயே பிள்ளைக்குத் தூண்டிலும் பழகிவிட்டது.

பிறகு குடும்பம் நியூயார்க் நகரின் புருக்ளினுக்குக் குடிபெயர்ந்தது. அங்கிருந்து கலிபோர்னியாவுக்குப் போயிற்று. லீ, புகழ்பெற்ற ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையில் சேர்ந்து 1926-இல் எஞ்சினீயரிங் பட்டம் பெற்றார். பாலம் கட்டப் போவார், சாலை போடுவார் என்று மற்றவர்கள் எண்ணியிருப்பார்கள். அவரோ பாரிஸ் நகரத்துக்குப் புறப்பட்டுப் போய்ச் சித்திரம் கற்றார்!

எஞ்சினீயருக்கு எடையும் தாங்கும் சக்தியும் தெரியும். சித்திரக்காரருக்கு உருவமும் நிறமும் தெரியும். இரண்டும் ஒரே மனிதரிடம் சேர்ந்தன. ஆனால் இரண்டையுமே அவர் பிழைப்பாக நீண்ட நாள் வைத்துக்கொள்ளவில்லை. நியூயார்க்கில் விளம்பரச் சித்திரம் வரையும் வேலை பார்த்தார். ஓய்வு கிடைத்தபோதெல்லாம் வடக்கே கேட்ஸ்கில் மலை ஓடைகளுக்கும், ஆசேபிள் ஆற்றுக்கும் ஓடினார். கடைசியில் ஆறுதான் வென்றது. மாதச் சம்பளத்தை விட்டு, எழுத்து, சொற்பொழிவு, சினிமாப் படம் என்று மீன்பிடிப்பையே தொழிலாக்கிக்கொண்டார். 1930-களின் பொருளாதார மந்தத்தில், வேலை கிடைக்காமல் மக்கள் தவித்த நாட்டில், இப்படி ஒரு முடிவுக்கு நிறையத் துணிச்சல் வேண்டும்.

மான் ரோமத்து ஈ

சட்டைக்கு முந்தி அவர் செய்தது ஈ. அந்த நாளில் அமெரிக்கர்கள் கட்டிய ஈக்கள் பெரும்பாலும் இங்கிலாந்து மாதிரி. மெலிந்த உடல், மெல்லிய இறகு. இங்கிலாந்தின் அமைதியான ஆறுகளுக்கு அவை பொருத்தம். அமெரிக்க மலைகளில் நுரைத்து ஓடும் தண்ணீரில் அவை சீக்கிரம் நனைந்து மூழ்கின. ஒரு மீன் கவ்வியதும் உருக்குலைந்தன.

1930-வாக்கில் உல்ஃப் இறகுக்குப் பதில் மான் வால் ரோமத்தை எடுத்தார். ரோமம் தண்ணீரில் நன்றாக மிதக்கும், முரட்டுத்தனமானது. வாலுக்கும் இறக்கைக்கும் அதையே வைத்து, உடம்பைப் பருமனாகக் கட்டினார். மீனுக்கு இது ஒரு நல்ல கவளமாகத் தெரிந்தது. தூண்டில்காரருக்கோ, தூரத்திலிருந்தே கண்ணுக்குத் தெரிந்தது. மொன்டானாவில் கடை வைத்த நண்பர் டான் பெய்லி, இந்த ஈக்களுக்கு உல்ஃபின் பெயரையே வைக்கச் சொல்லி, பிறகு விற்றுப் பரப்பவும் செய்தார். சாம்பல் உல்ஃப், வெள்ளை உல்ஃப், ராயல் உல்ஃப் என்ற பெயர்கள் தூண்டில் உலகில் நிலைத்துவிட்டன. ராயல் உல்ஃப் இல்லாத ஈப்பெட்டியை அமெரிக்காவில் காண்பது இன்றும் அருமை.

ஈ கட்டுவதற்கு மேஜையில் பொருத்திய சிறு பிடிப்பான் ஒன்றை எல்லாரும் பயன்படுத்துவார்கள். முள் அதில் அசையாமல் நிற்கும். உல்ஃப் அதையும் ஒதுக்கிவிட்டார். அரிசி மணியைவிடச் சிறிய முள்ளைக்கூட விரல்களுக்கிடையே பிடித்து, வெறுங்கையால் ஈ கட்டினார். பார்த்தவர்கள் பிரமித்தார்கள். இதில் வித்தை காட்டும் ஆசை கொஞ்சம் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு லாபமும் இருந்தது. ஆற்றங்கரையில் கல்லின்மேல் உட்கார்ந்து, அங்கே பறக்கும் பூச்சியைப் பார்த்து, அதைப் போலவே ஒன்றை அங்கேயே கட்டிவிடலாம். விரல் பழகிவிட்டால் ஒரு கருவியைச் சுமக்க வேண்டியதில்லை.

ஊசியும் நூலும்

1931-இல் பிறந்த பைச் சட்டையில் அதிசயப் பொருள் எதுவும் இல்லை. கையில்லாத சட்டையும் உலகத்தில் இருந்ததுதான்; பையும் இருந்ததுதான். இரண்டையும் ஒரு வேலைக்காகச் சேர்த்ததே புதுமை.

அந்த மாதிரிச் சட்டையின் அமைப்பைப் பாருங்கள். கை இல்லாததால் தோள் தாராளமாக அசையும். நாள் முழுவதும் வீசலாம். ஈப்பெட்டிகள் மார்புப் பைகளில் இருக்கும். தண்ணீர் எட்டாத உயரம், கண்ணுக்கும் கைக்கும் நேரே. அடிக்கடி வேண்டிய சின்னச் சாமான்களுக்குச் சின்னப் பைகள். எப்போதோ வேண்டிய மழைச் சட்டைக்கு முதுகில் பெரிய பை. வலை, பின் கழுத்துக்குக் கீழே ஒரு வளையத்தில் தொங்கும், நூலில் சிக்காது. ஆழத்தில் இறங்குகிறவர்களுக்காகச் சட்டையை இடுப்புக்கு மேலேயே நின்றுவிடும்படி குட்டையாகத் தைப்பதும் உண்டு.

இதற்கெல்லாம் மேலான ஒரு வசதி, இடத்தின் பழக்கம். நாள்தோறும் ஒரே பையில் ஒரே பொருளை வைத்தால், மனம் தேடுவதில்லை. கை தானாகப் போகிறது. இருட்டுகிற நேரத்தில், மீன்கள் துள்ளத் தொடங்கும்போது, கத்தரியைத் தேடிக்கொண்டு நிற்கிறவனுக்கு அந்த அரைமணி திரும்பி வராது.

நம் ஊர் வேலைக்காரர்களுக்கு இது புதிதல்ல. தச்சர் பென்சிலைக் காதில்தான் செருகுவார். தையற்காரர் அளவு நாடாவைக் கழுத்தில்தான் போடுவார். இடம் மாறினால் வேலை தடுமாறும்.

இந்தச் சட்டை தூண்டில்காரர்களோடு நின்றுவிடவில்லை. இரண்டு கையாலும் காமிராவைப் பிடிக்கும் புகைப்படக்காரர்களும் இதே பாணிச் சட்டையைப் பிற்காலத்தில் மாட்டிக்கொண்டார்கள். திருமண வீட்டிலும், பொதுக்கூட்டத்திலும், பல பைகள் வைத்த அந்தச் சட்டையை நாமும் பார்த்திருக்கிறோம். அதன் பூர்வீகம் ஓர் ஆற்று நடுவே இருக்கிறது என்பதை எத்தனை பேர் அறிவார்கள்?

குறைத்துக்கொண்டே போனவர்

பை தைத்தவர், பைகளை நிரப்புவதிலே ஆசை கொண்டவராக இருப்பார் என்று நினைக்கத் தோன்றும். நடந்தது வேறு. வயது ஏற ஏற, உல்ஃப் சாமானைக் குறைத்துக்கொண்டே போனார்.

அட்லாண்டிக் சால்மன் என்பது கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறி வரும் பலசாலி மீன். பிரிட்டனில் அதைப் பிடிக்க இரண்டு கையாலும் பிடிக்க வேண்டிய 12 அடி, 14 அடி நீளக் கழிகளைப் பயன்படுத்துவது வழக்கம். உல்ஃபோ, 6 அடி நீளமுள்ள மூங்கில் கழி ஒன்றை எடுத்துக்கொண்டு போனார். அதன் எடை 2 அவுன்சுக்கும் குறைவு. அதாவது 60 கிராம்கூட இல்லை. அதைக் கொண்டே பெரிய சால்மன்களைக் கரை சேர்த்தார். பெரியவர்கள் இதை நம்ப மறுத்தார்கள். அவர் இன்னும் ஒரு படி மேலே போனார். கழியே இல்லாமல், கையாலேயே நூலை வீசி, உருளையை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு சால்மனைப் பிடித்துக் காட்டினார்!

மீனைக் கடைசி நிமிஷத்தில் வசப்படுத்த, கம்பி நுனியில் கூரிய கொக்கி வைத்த ஆயுதம் ஒன்றைச் சால்மன்காரர்கள் சுமப்பது வழக்கம். அதையும் அவர் விட்டார். களைத்த சால்மனின் வாலடியைக் கையால் இறுகப் பற்றித் தூக்கிவிடுவார். காலியான கை ஒன்று இருந்தால் கொக்கி எதற்கு?

நியூபவுண்ட்லாந்து தீவு அவருடைய இரண்டாவது வீடாகிவிட்டது. 1949-இல்தான் அது கனடாவோடு இணைந்தது. அதற்கு முன்பே உல்ஃப் அங்கே போய், ஆறுகளைத் துருவி, படங்கள் எடுத்து, வெளிநாட்டாரைத் தீவுக்கு இழுத்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அங்கே மீன்பிடி முகாம்கள் நடத்தினார். சாலை இல்லாத பிரதேசம். 1947-இல், 42 வயதில், ஆகாய விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். தண்ணீரில் இறங்கும் மிதவைகள் பொருத்திய சிறிய பைப்பர் கப் விமானம்; இரண்டு பேர்தான் உட்காரலாம். அதில் ஏறி, பெயர் தெரியாத ஏரிகளில் இறங்கினார். அவ்வளவு சிறிய விமானத்தில் ஒவ்வொரு ராத்தலுக்கும் கணக்கு உண்டு. எரிபொருள் வேண்டுமா, கூடுதல் பெட்டி வேண்டுமா என்று கேட்டால், உயிர் பிழைக்க விரும்புகிறவன் எதைச் சொல்வான் என்பதை விளக்க வேண்டியதில்லை.

பாலத்திலிருந்து பாய்ந்தார்

ஆற்றில் இறங்கும் தூண்டில்காரர்கள் மார்பு வரையில் நீளும் ரப்பர்க் காலுடை அணிவார்கள். அதைப் பற்றி ஒரு பயம் பரவியிருந்தது. அணிந்தவன் ஆழத்தில் விழுந்தால், காலுடைக்குள் அடைபட்ட காற்று கால்களை மேலே தூக்கிவிடும், தலை கீழாகும், மூழ்கிச் சாவான் என்று சொல்லிக்கொண்டார்கள்.

எஞ்சினீயருக்கு இந்தக் கணக்கு சரியாகப் படவில்லை. ஆனால் கணக்குப் போட்டுக் காட்டினால் யார் நம்புவார்கள்? உல்ஃப் முழுக் காலுடையையும் மாட்டிக்கொண்டு, ஒரு பாலத்தின்மேல் ஏறி, ஆற்றுக்குள் பாய்ந்தார். கூடியிருந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே போனவர் மேலே வந்தார். நீந்திக் கரை சேர்ந்தார். பல பேர் மனத்திலிருந்த பயம் அன்றோடு தண்ணீரில் போயிற்று.

இதை முரட்டுத்தனம் என்று சிலர் சொல்லலாம். ஓடும் தண்ணீரில் நிற்கிறவனுக்கு உடம்பின் மேலுள்ள ஒவ்வொரு பொருளும் நண்பனா, பகைவனா என்பது தெரிந்திருக்க வேண்டும். அதைப் பிறர் உயிரில் சோதிக்காமல் தம் உயிரிலேயே சோதித்தார் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

வீட்டுக்குக் கொண்டு போகாத சுமை

அவருடைய வாழ்க்கையில் மிகப் பெரிய முடிவு, சாமானைப் பற்றியது அல்ல, மீனைப் பற்றியது. 1939-இல் நன்னீர் மீன்பிடிப்பைப் பற்றி ஒரு கைப்புத்தகம் வெளியிட்டார். விளையாட்டுக்காகப் பிடிக்கும் நல்ல மீனை ஒரே தடவை பிடித்துத் தீர்த்துவிடக் கூடாது, அது அதைவிட மதிப்புள்ளது என்ற கருத்தை அதில் எடுத்து வைத்தார். பிடி, பார், மகிழ், பிறகு தண்ணீரிலேயே விட்டுவிடு என்பது அதன் சாரம். விட்ட மீன் இன்னொருவனுக்கு இன்பம் தரும். முட்டையிட்டு ஆற்றை நிரப்பும்.

அந்த நாளில் இது விசித்திரமாகத் தோன்றியது. கூடை நிறைய மீனோடு வீடு திரும்புவதே கௌரவம். வெறுங்கையோடு வந்தால் கேலி செய்வார்கள். ஆனால் ஆறுகளில் மீன் குறைந்துகொண்டே வந்தது. பிடிப்பவர்கள் பெருகினார்கள். அணைகளும் ஆலைகளும் பெருகின. கடலில் வலைகள் பெருகின. சால்மனைக் காக்க வேண்டும் என்று உல்ஃப் எழுதினார், பேசினார், படம் எடுத்துக் காட்டினார். ஆண்டுகள் செல்லச் செல்ல, ஊர் அவர் பக்கம் வந்தது. இன்று பல நாடுகளில், பல ஆறுகளில், பிடித்த மீனை விட்டுவிடுவது சட்டமாகவே இருக்கிறது.

மீனை விடுவதும் ஒரு வித்தைதான். தூக்கி எறிந்தால் செத்துப்போகும். இரண்டு கையாலும் ஏந்தி, தலை நீரோட்டத்தை எதிர்கொள்ளும்படி பிடித்து, செவுளில் தண்ணீர் ஓடி மூச்சு வரும் வரையில் காத்திருக்க வேண்டும். தெம்பு வந்ததும் அதுவே கையை உதறிக்கொண்டு போய்விடும். கையில் கூடை இருந்தால் இதைச் செய்ய முடியாது. பைச் சட்டை காலியாக்கிக் கொடுத்த கைகளுக்கு இப்படி ஒரு புதிய வேலை வந்து சேர்ந்தது.

நம் பக்கத்தில் இதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பதும் உண்மை. மழையை நம்பி நிற்கும் கண்மாய், கோடையில் வற்றிச் சேறாகும். அப்போது ஊரே கூடி இறங்கி, விராலும் கெண்டையும் கெளுத்தியும் அள்ளிக்கொண்டு போகும். அந்த மீனை விட்டுவைத்தால் வெயிலில் செத்து மிதக்குமே தவிர, யாருக்கும் பயன் இல்லை. அங்கே பிடிப்பது உணவு. உல்ஃபின் ஆற்றில் பிடிப்பது விளையாட்டு. ஆனால் நிறைந்த கண்மாயில் குஞ்சு மீனை விட்டுவிட வேண்டும் என்பது நம் பெரியவர்களுக்கும் தெரிந்த நியாயம்தான்.

ஈத் தூண்டில் நம் நாட்டுக்கு முற்றிலும் அந்நியமும் அல்ல. சென்னை ராஜதானியில் சிவில் உத்தியோகம் பார்த்த எச். எஸ். தாமஸ் என்ற ஆங்கிலேயர், இந்திய ஆறுகளில் தூண்டில் போடுவது பற்றி 1873-இலேயே ஒரு பெரிய புத்தகம் எழுதினார். நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் டிரௌட் மீனைக் கொண்டுவந்து விட்டு, அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் நிலையமும் அமைத்தார்கள். மூணாறு மலையிலும் அந்த மீன் உண்டு.

கடைசிப் பயணம்

1967-இல், 62 வயதில், ஈக்வடார் நாட்டுக் கடலில் ஈத் தூண்டிலால் ஒரு மார்லின் மீனைப் பிடித்தார் உல்ஃப். அதன் எடை 148 ராத்தல், 67 கிலோ! அதே ஆண்டில் ஜோன் சல்வாட்டோ என்ற பெண்மணியை மணந்தார். ஜோன் சாதாரணமானவர் அல்ல. நூல் வீசும் போட்டிகளில் தேசிய வெற்றி பெற்றவர்; 1960-இல் ஒரு போட்டியில் 161 அடி தூரம் ஈயை வீசியவர். கணவனும் மனைவியும் சேர்ந்து 1979-இல், கேட்ஸ்கில் மலையில் லூ பீச் என்ற இடத்தில் ஈத் தூண்டில் பள்ளி ஒன்றைத் தொடங்கினார்கள்.

80 வயதுக்குப் பிறகும் உல்ஃப் ஆற்றில் நின்றார்; விமானமும் ஓட்டினார். 1991-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ந் தேதி, விமானம் ஓட்டும் தகுதியைப் புதுப்பித்துக்கொள்வதற்காக, ஒரு பயிற்சியாளருடன் நியூயார்க் மாநிலத்தில் ஹான்காக் ஊருக்கருகே பறந்தார். வானத்திலேயே மாரடைப்பு வந்ததாகச் சொல்கிறார்கள். விமானம் கீழே விழுந்தது. பயிற்சியாளர் பிழைத்தார். 86 வயது உல்ஃப் மறைந்தார். அவருக்குப் பின்பும் ஜோன் பள்ளியை நடத்தி வந்தார்.

எதை எடுப்பது, எதை விடுவது?

இன்று கடைகளில் பைச் சட்டை மட்டும் இல்லை. மார்பில் கட்டும் பை, இடுப்பில் கட்டும் பை, ஒரு தோளில் குறுக்காக மாட்டி முன்னே இழுத்துக்கொள்ளும் பை, கழுத்தில் தாலிக்கயிறு போலத் தொங்கும் கயிறு என்று விதவிதமாக வந்துவிட்டன. எது நல்லது என்று தூண்டில்காரர்கள் கூடிய இடத்தில் கேட்டால் சண்டைதான் வரும்.

யோசித்தால் விடை எளிது. இடுப்பளவு ஆழத்தில் நிற்கிறவருக்கு இடுப்புப் பை ஆகாது, நனையும். முழு நாள் மலையில் நடக்கிறவருக்குக் கழுத்துக் கயிறு போதாது. மழைச் சட்டையை எங்கே வைப்பார்? கனத்த பைச் சட்டையைப் பத்து மணி நேரம் மாட்டினால் கழுத்தும் தோளும் வலிக்கும். எடை இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் வலி குறையும். மார்புப் பை பெரிதாக இருந்தால் கால் வைக்கும் பாறை கண்ணுக்குத் தெரியாது. மாலை ஒரு மணி நேரம் பக்கத்து ஓடைக்குப் போகிறவருக்கு ஒரு சட்டைப் பையும் ஓர் ஈப்பெட்டியும் போதும்.

இன்னொரு சோதனையும் உண்டு. மீன்பிடித்துத் திரும்பிய இரவில் பைகளைத் தலைகீழாகக் கொட்டிப் பார்க்க வேண்டும். மூன்று முறை போயும் ஒரு முறைகூடத் தொடாத பொருள் எதுவோ, அது வீட்டில் இருக்க வேண்டிய பொருள். மருந்து, விசில், மழைச் சட்டை போன்ற ஆபத்துக்கு உதவும் சாமான்களுக்கு மட்டும் இந்த விதியிலிருந்து விலக்கு.

லீ உல்ஃப் உலகத்துக்குக் கொடுத்த சட்டையில் பைகள் ஏராளம். அவர் வாழ்ந்த வாழ்க்கையிலோ, பிடிப்பானும் கொக்கியும் நீண்ட கழியும் மீன் கூடையும் ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்டன. கைகள் மட்டும் கடைசி வரையில் காலியாகவும் தயாராகவும் இருந்தன. ஒரு மீனைப் பிடிப்பதற்கு எவ்வளவு தயாராக இருந்தனவோ, அதை மறுபடியும் ஆற்றில் விடுவதற்கும் அவ்வளவு தயாராக இருந்தன.